தூரம் அதிகம், நேரம் குறைவு

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்பது நாம் பள்ளியில் படித்த கணக்கு. ஆகவே தூரம் கூடினால் நேரமும் கூடும் என்று எண்ணுகிறோம். ஆகாயப் பயணத்துக்கும் இது அப்படியே பொருந்துமா? டில்லியிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான்பிரான்சிஸ்கோவுக்குச் செல்லும் பயணத்தைக் கொண்டு இதை ஆராய்வோம்.

முதலில் தூரம். சுவரில் தொங்கும் தேசப்படத்தை அளவுகோலால் அளந்தால் விடை தவறும். படம் தட்டை, பூமியோ உருண்டை. பூகோள உருண்டையின்மீது இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். அது வடக்கே ஏறி, சைபீரியாவையும் ஆர்க்டிக் கடலையும் கடந்து, பிறகு தெற்கே இறங்கும். இதுவே மிகக் குறுகிய வழி. நீளம் சுமார் 12,400 கிலோமீட்டர்.

ஆனால் இவ்வழியில் இமயமலையும் திபெத்தியப் பீடபூமியும் குறுக்கிடுகின்றன. விமானத்தினுள் காற்றழுத்தம் திடீரெனக் குறைந்தால், இயல்பாக மூச்சுவிடக்கூடிய சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு விமானி விரைந்து இறங்க வேண்டும். திபெத்திலோ தரையே பெரும்பாலும் 4,000 மீட்டருக்கு மேல்! எனவே விமானங்கள் கூடியவரை அப்பகுதியைத் தவிர்க்கின்றன.

சுற்றுவழிகள் இரண்டு. மேற்கே அட்லாண்டிக் கடலைக் கடக்கும் வழி சுமார் 13,900 கிலோமீட்டர். கிழக்கே பசிபிக் கடலைக் கடக்கும் வழி சுமார் 15,300 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா நிறுவனம் முன்னதை விட்டு, 1,400 கிலோமீட்டர் நீண்ட பின்னதைத் தேர்ந்தது. விமானம் 14½ மணி நேரத்தில் சென்று சேர்ந்தது. மிச்சமானது ஏறத்தாழ இரண்டு மணி நேரம்!

காரணம் காற்று. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஜெட் காற்றோட்டம் என்னும் பெருங்காற்று வீசுகிறது. வெப்ப மண்டலத்துக்கும் துருவத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து இதனை உண்டாக்குகின்றன. குளிர்காலத்தில் இதன் வலிமை மிகும்.

இப்போது வகுத்துப் பாருங்கள். 15,300-ஐ 14½-ஆல் வகுத்தால் மணிக்குச் சுமார் 1,055 கிலோமீட்டர். விமானத்தின் சொந்த வேகம் ஏறத்தாழ 900 தான். மீதி காற்று தந்தது. அட்லாண்டிக் வழியில் 13,900-ஐ 16½-ஆல் வகுத்தால் சுமார் 840 மட்டுமே. அங்கே காற்று எதிர்த்து நின்றது. திரும்பும்போது அட்லாண்டிக் வழியே கிழக்கு நோக்கி வந்தால் அக்காற்றே துணையாகும்; உலகை ஒருமுறை வலம்வந்தவர்களும் ஆவோம்!

மேற்படிப்புக்காகப் பயணம் போகும் நண்பர்கள் ஒன்றை மறக்கலாகாது. கோடையில் சான்பிரான்சிஸ்கோவின் கடிகாரம் நம்முடையதைவிட 12½ மணி நேரம் பிந்தியது. விடியற்காலை 4 மணிக்கு டில்லியை விட்டு, 14½ மணி நேரம் பறந்து இறங்கினால், அங்கே அதே நாள் காலை 6 மணி! இரண்டே மணி நேரப் பயணம் என்று வீட்டார் நினைத்துவிடப் போகிறார்கள்.

பள்ளிக் கணக்கு பொய்யன்று. எந்த வேகத்தால் வகுப்பது என்பதை அறிவதே பாடம்.