லப்டொப்பில் இன்ரநெற் வரவில்லையா?

சொலிசிற்றரின் ஈமெயில்கள் இன்ரநெற்றில்தான் வரும். தொடர்பு அறுந்தால் முக்கியமான திகதி ஒன்று தவறிப்போகலாம். ஆகவே பிழை எங்கே என்று முதலில் கண்டுபிடியுங்கோ.

1. கைத்தொலைபேசியில் மொபைல் டேற்றாவை நிறுத்தி, வீட்டு வைஃபையில் பாருங்கோ. அதிலும் வரவில்லையென்றால் பிழை றவுட்டரில் அல்லது லைனில். வீட்டிலுள்ள மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு, றவுட்டரை 30 செக்கன் நிறுத்திப் போடுங்கோ. சில நிமிடம் பொறுங்கோ. றவுட்டரிலுள்ள சின்னத் துளைக்குள் ஊசியால் குத்தவேண்டாம்; பதிந்துவைத்த அமைப்புகள் அழிந்துவிடும்.

2. கைத்தொலைபேசியில் வருகிறதென்றால் பிழை லப்டொப்பில். விமானப் படமுள்ள பட்டன் தவறுதலாக அழுத்துப்பட்டிருக்கலாம். இல்லையென்றால், சேமித்திருக்கும் வைஃபை பெயரை அழித்துவிட்டு, பாஸ்வேட்டை மறுபடி அடியுங்கோ. பெரிய எழுத்து, சின்ன எழுத்து கவனம். பாஸ்வேட்டை மாற்றாவிட்டால் அது றவுட்டர் ஸ்ரிக்கரில் இருக்கும்.

3. இணைந்தும் பக்கங்கள் திறக்கவில்லையா? லப்டொப்பின் திகதி, நேரம் சரியோ என்று பாருங்கோ. அது பிழையென்றால் பாதுகாப்பான தளங்கள் திறக்காது.

ஒன்றும் சரிவராவிட்டால் நாளைக் கடத்தாதேங்கோ. சொலிசிற்றருக்குப் போன் பண்ணிச் சொல்லுங்கோ. பிரித்தானியாவில் பொது நூலகங்களில் கணினி பாவிக்கலாம். எழும்பும்போது ஈமெயிலிலிருந்து வெளியேற மறக்கவேண்டாம்.