விழுந்த சகோதரனுக்கு உமர் (ரலி) எழுதிய கடிதம்

 



2024-ம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் 17, திங்கட்கிழமை வந்தது. மறுநாளும் நாம் குர்பானி இறைச்சியைப் பங்கிட்டுக் கொண்டிருந்தோம். அதே 18-ம் தேதி நம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மக்கள் பாக்கெட் சாராயம் குடித்தார்கள். 19-ம் தேதி ஊர் முழுக்க ஆம்புலன்ஸ் சத்தம். கள்ளக்குறிச்சி மருத்துவமனையில் இடம் போதாமல் சேலத்துக்கும், முண்டியம்பாக்கத்துக்கும், புதுச்சேரி ஜிப்மருக்கும் கொண்டு போனார்கள். 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலானோர் அன்றாடக் கூலிகள். தாயையும் தகப்பனையும் ஒன்றாக இழந்த பிள்ளைகள் உண்டு.

அரசாங்கம் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. அப்போது டீக்கடையில், வாட்ஸப்பில், நம்மவர்கள் வாயிலும் ஒரு பேச்சு வந்தது: "குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பத்து லட்சம்?" அந்தப் பணம் செத்தவருக்கா போகிறது? அநாதைப் பிள்ளைக்கும் விதவைக்கும் போகிறது. அண்டை வீட்டாரின் உரிமையை வலியுறுத்திய நபியின் உம்மத், அண்டைத் தெருவில் மய்யித் கிடக்கும்போது இப்படியா பேசுவது?

அந்த மலையைப் பழிக்காதீர்கள்

கல்வராயன் மலை என்றாலே சாராயம் என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. மலையில் காய்ச்சுகிறவர்கள் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அங்கே மரவள்ளியும் சிறுதானியமும் விளைவித்து, கடுக்காய் பொறுக்கி, உழைத்துப் பிழைக்கும் மலையாளிப் பழங்குடி மக்கள்தான் பெரும்பகுதி. கருணாபுரத்தில் உயிரைக் குடித்தது மலையில் காய்ச்சிய சரக்கு அல்ல. ஆலைகளில் பயன்படும் மெத்தனால். அது உடலுக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. முதலில் கண் நரம்பைக் கெடுக்கும், பிறகு உயிரையே எடுக்கும். குடித்த ஒருவருக்கு வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உயிருக்கு ஆபத்து.

சட்டம் இல்லாமலா இது நடந்தது? 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அவர்கள் மதுவிலக்கைத் தொடங்கியதே நம் மலைக்கு அடுத்த பக்கமுள்ள சேலம் மாவட்டத்தில்தான். 2024-ல் கருணாபுரத்துக்குப் பிறகு அந்த 1937-ம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் தண்டனை வரை என்று கடுமையாக்கினார்கள். சட்டம் வேண்டும். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் கூலிப் பணம் கையில் வந்து, கால் தானாகத் திரும்பும் நேரத்தில், அந்த மனிதனின் கையைப் பிடிக்கச் சட்டம் வராது. யார் போவது? இன்றைய பயானின் கேள்வி இதுதான்.

அல்லாஹ் தடுத்த விதம்

மது ஹராம். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அதில் ஊறிப்போன ஒரு சமூகத்தை அல்லாஹ் எப்படி மீட்டான் என்று பாருங்கள். முதலில் அதில் பாவம் பெரிது என்று உணர்த்தினான் (2:219). பிறகு போதையோடு தொழுகையை நெருங்கக் கூடாது என்றான் (4:43). கடைசியில் முற்றாக விலக்கினான் (5:90, 91). நடுவில் உள்ள படியைக் கவனியுங்கள். ஐந்து வேளைத் தொழுகைக்கும் தெளிவாக இருக்க வேண்டுமென்றால், பகலில் குடிக்க இடைவெளியே கிடைக்காது. ஒவ்வொரு பாங்கும் ஒரு நினைவூட்டல். ஒவ்வொரு ஜமாஅத்தும் பக்கத்தில் ஒரு தோழர். தடுத்ததோடு விடவில்லை, நாளுக்கு ஐந்து முறை அழைக்கவும் செய்தான்.

அப்படியும் விழுந்தவர்கள் இருந்தார்கள். நபி (ஸல்) அவர்களைச் சிரிக்க வைக்கும் ஒரு தோழர், பெயர் அப்துல்லாஹ். குடித்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். மறுபடியும் அதே குற்றத்துக்காகக் கொண்டுவரப்பட்டார். கூட்டத்தில் ஒருவர், எத்தனை முறைதான் வருவான் என்று சலித்துச் சபித்தார். நபியவர்கள் சபிக்கக் கூடாது என்று தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிக்கிறார் என்று சாட்சியும் சொன்னார்கள் (புகாரி 6780). தண்டனை உண்டு, சாபம் இல்லை. பாவத்தைப் பாவம் என்றார்கள், ஆளைக் கைவிடவில்லை.

கடிதம்

ஸூரத்துல் முஃமினின் (40) மூன்றாவது வசனத்துக்கு விளக்கம் எழுதும்போது இமாம் இப்னு கஸீர் (ரஹ்) ஒரு சம்பவத்தைப் பதிவு செய்கிறார்கள். ஷாம் தேசத்து வீரர் ஒருவர் அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்களிடம் வந்து போவார். சில காலம் ஆளைக் காணோம். உமர் (ரலி) விசாரித்தார்கள். குடியில் விழுந்துவிட்டார் என்றார்கள்.

எழுத்தரை அழைத்து ஒரு கடிதம் எழுதச் சொன்னார்கள். உமர் எப்படிப்பட்டவர் என்று நமக்குத் தெரியும். சாட்டை வரும் என்றுதான் நினைப்போம். கடிதத்தில் ஸலாம் இருந்தது, அல்லாஹ்வின் புகழ் இருந்தது, அந்த வசனம் இருந்தது: பாவத்தை மன்னிப்பவன், தவ்பாவை ஏற்பவன், தண்டிப்பதில் கடுமையானவன், அருள் வழங்குபவன் என்று அல்லாஹ்வின் நான்கு தன்மைகள். அவ்வளவுதான். அனுப்பிவிட்டு, உங்கள் சகோதரருக்காக துஆ செய்யுங்கள் என்று சபையோரிடம் கேட்டுக்கொண்டார்கள்.

அவர் அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். அல்லாஹ் தண்டனையை எச்சரிக்கிறான், மன்னிப்பையும் வாக்களிக்கிறான் என்று அழுதார். குடியை விட்டார். செய்தி வந்தபோது உமர் (ரலி) சொன்னதன் கருத்து: ஒரு சகோதரன் சறுக்கினால் இப்படித்தான் செய்ய வேண்டும், அவனைச் சரிசெய்து துஆ செய்யுங்கள், அவனுக்கு எதிராக ஷைத்தானுக்குத் துணை போகாதீர்கள்.

ஒரு கலீஃபா ஒரு குடிகாரருக்கு அனுப்பிய குறுஞ்செய்தி அது. நம் சட்டைப் பையிலும் இன்று ஒரு கருவி இருக்கிறது.

தொலைபேசி ஒருவரைக் காப்பாற்றிய கதை

1935-ல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரத்தில் பில் வில்சன் என்ற வியாபாரி. குடியை விட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. போன காரியம் கெட்டு, விடுதியில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் மதுக்கூடம், மறு பக்கம் தொலைபேசி. தொலைபேசியை எடுத்து, தன்னைப் போல் குடியால் அவதிப்படும் ஒருவரிடம் பேச வேண்டும் என்று தேவாலயங்களை அழைத்தார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் என்ற அறுவை மருத்துவர். இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். கட்டணம் கிடையாது, பெயரை வெளியிட மாட்டார்கள். மீண்டவர் விழுந்தவரைத் தூக்குகிறார், தூக்கும்போது தானும் நிலைக்கிறார். நம் தமிழகத்திலும் அந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையும் குடிநோயாளியோடு குடும்பத்தையும் சேர்த்தே சிகிச்சைக்கு அழைக்கிறது. நம் கொள்கைக்கு ஒத்துவராதது இருந்தால் விட்டுவிட்டு, நல்லதை எடுத்துக்கொள்வோம்.

2014-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. மது சிகிச்சை முடித்து வீடு திரும்பிய 349 பேர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பிரிவினருக்கு அத்தோடு ஒரு கைப்பேசிச் செயலி: நலம் விசாரிக்கும், மீண்டு வரும் மற்றவர்களோடு பேச வைக்கும், தடுமாறினால் உதவிக்கு ஆள் அழைக்கும். இவர்கள் அளவு மீறிக் குடித்த நாட்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதிதான்.

நான் வாய் மூடி நின்ற நாள்

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. பல வருடங்களுக்கு முன், வாடையோடு பள்ளிவாசல் படியேறிய ஒருவரை எல்லார் முன்பும் திட்டி விரட்டினார்கள். என் கண் முன்னால் நடந்தது. தொழுகைக்கு அந்த நிலையில் வரக் கூடாது என்பது சரி. ஆனால் பின்னாலேயே போய், "தெளிந்ததும் வாங்க பாய், காத்திருக்கிறேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் நின்றுவிட்டேன். அவர் அப்புறம் வரவே இல்லை.

2024 ஜூனில் இறந்தவர்கள் பட்டியல் வந்தபோது என் கண் அவர் பெயரைத் தேடியது. இல்லை. அன்று மக்ரிபுக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். "ஹஸ்ரத், இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட போன் பண்ணலையே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த வார்த்தைக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து தினம் ஒரு செய்தி அனுப்புகிறேன். மருத்துவரிடம் போனார். இரண்டு முறை மறுபடி விழுந்தார், இரண்டு முறையும் எழுந்தார். நாளை என்ன என்பது அல்லாஹ்வின் கையில்.

செய்ய வேண்டியது

ஒன்று: ஒருவருக்கு ஒருவர். குழுவில் போடாதீர்கள். முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்பது நபிமொழியின் கருத்து. முடிந்தால், குடியை விட்டு மீண்ட ஒருவரே துணையாக இருக்கட்டும். அவர் பேச்சு நம் பேச்சைவிட இறங்கும்.

இரண்டு: உபதேசம் நீளமாக வேண்டாம். "அஸ்ஸலாமு அலைக்கும் பாய், சாப்பிட்டீங்களா?" "அஸருக்கு வாசல்ல நிக்கிறேன்." இது போதும். படிக்கத் தெரியாதவருக்குக் குரல் பதிவு. கூலி கொடுக்கும் நாள், அஸருக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரம், இவற்றைத் தவற விடாதீர்கள். அந்த ஆசை பெரும்பாலும் அரை மணிக்குள் தணியும். அதுவரை பேச ஓர் ஆள் வேண்டும்.

மூன்று: பதில் வராவிட்டாலும் நிறுத்தாதீர்கள். இரண்டு நாள் சத்தமில்லையென்றால் நேரில் போங்கள்.

நான்கு: மருத்துவம் கட்டாயம். பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, சித்தம் கலங்குதல் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதேபோல் வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்கள்: விட்டுச் சில வாரம் கழித்து பழைய அளவையே எடுத்தால் உடல் தாங்காது, மூச்சு நின்றுவிடும். எனவே மறுபடி விழுந்தவனை அடிக்காதீர்கள், அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். போதை மீட்புக்கு 14446, மன நலத்துக்கு 14416, இலவச எண்கள். கள்ளச்சாராயம் விற்பதைக் கண்டால் 10581.

ஐந்து: துஆ. உமர் (ரலி) கடிதத்தோடு நிறுத்தவில்லை.

இன்று ஜும்ஆ முடிந்து வெளியே போனதும், உங்கள் கைப்பேசியில் நீண்ட நாளாக நீங்கள் அழைக்காத ஒரு பெயரைத் தேடுங்கள். அண்ணனாக இருக்கலாம், மச்சானாக இருக்கலாம், கூடப் படித்தவராக இருக்கலாம், அடுத்த தெருவின் மாற்று மதச் சகோதரராக இருக்கலாம். ஒரு ஸலாம், ஒரு நலம் விசாரிப்பு. அஸருக்குள் அனுப்பிவிடுங்கள்.

யா அல்லாஹ்! போதையில் சிக்கியவர்களை மீட்பாயாக. கருணாபுரத்து அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் ஆதரவு தருவாயாக. எங்கள் வாயை ஷைத்தானுக்குத் துணையாக்காமல், விழுந்தவரைத் தூக்கும் கையாக எங்களை ஆக்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.