முதியோர் இல்லம்: மாதக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீங்க!



சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் நமக்குத் தலைகீழாகத் தெரியும். ஆனால் மாமியாரோ அம்மாவோ அப்பாவோ படுத்த படுக்கையாகிவிட்டால், பதற்றத்தில் கணக்கு நோட்டை மூடிவிடுகிறோம். யாரோ சொன்ன இல்லத்தில் சேர்த்துவிட்டு, முன்பணத்துக்குக் குழுக் கடன் கேட்கிறோம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் நம் பெண்கள் பலர் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். பெரியவங்களைப் பார்க்க வேலையை விட்டால் சம்பளம் போகும். இல்லத்தில் விட்டால் அந்தச் சம்பளமே கட்டணமாகப் போகும். அதனால் சேர்ப்பதற்கு முன்னால் போட வேண்டிய கணக்கையும், கேட்டுப் பெற வேண்டிய உதவியையும் இந்த மாதம் படிப்போம்.

முதலில் பெயர்க் குழப்பம்

நம்ம ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சின்ன ஆஸ்பத்திரி. அங்கே நாள் கணக்கில் பில் ஏறும். மாதக் கணக்கில் தங்க வைத்துப் பார்ப்பது முதியோர் இல்லம். அதில் மூன்று வகை உண்டு. ஆதரவற்றவர்களுக்கான இலவச இல்லம், நடமாடுகிறவர்களுக்கான கட்டண இல்லம், படுக்கையில் இருப்பவர்களையும் ஏற்றுக்கொள்ளும் கட்டண இல்லம். நம்ம வீட்டுப் பெரியவருக்கு எது வேண்டும் என்று தெரிந்துகொண்டு விசாரித்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இது பழகுவதற்காக நாங்கள் போட்ட கணக்கு. 'அ' இல்லம் மாதம் 12,000 ரூபாய். 'ஆ' இல்லம் 16,500 ரூபாய். பார்த்தவுடன் 'அ' தான் மலிவு என்று தோன்றும். ஒரு வருடத்துக்கு எழுதிப் பார்ப்போம்.

'அ' இல்லம்:
மாதக் கட்டணம் 12 மாதத்துக்கு 1,44,000
திருப்பித் தராத சேர்க்கைக் கட்டணம் 20,000
மருந்து, டயப்பர் தனி, மாதம் 3,000 வீதம் 36,000
குளிப்பாட்ட, துணி மாற்ற ஆயாவுக்குத் தனி, மாதம் 2,500 வீதம் 30,000
மொத்தம் 2,30,000

'ஆ' இல்லம் (ஆயா, டயப்பர் கட்டணத்திலேயே அடக்கம்):
மாதக் கட்டணம் 12 மாதத்துக்கு 1,98,000
மருந்து மட்டும் தனி, மாதம் 1,500 வீதம் 18,000
மொத்தம் 2,16,000

மாதக் கட்டணம் கூடுதலான இல்லம் வருடத்தில் 14,000 ரூபாய் குறைவாக வருகிறது! 'அ' இல்லத்தில் திருப்பித் தரும் முன்பணமாக ஒரு லட்சமும் கேட்டால், அதைக் கடன் வாங்கித்தான் கட்டுவோம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும் வருடம் 12,000 வட்டி. அதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

நேரில் போய்க் கேட்க வேண்டியவை

1. சமூக நலத்துறையில் பதிவு செய்திருக்கிறார்களா? பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள்.
2. இரவில் எத்தனை பேர் பணியில் இருப்பார்கள்? அதில் நர்ஸ் உண்டா?
3. உடம்பு முடியாமல் போனால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள்? அந்தச் செலவு யாருடையது?
4. கட்டணத்தை வருடத்துக்கு எவ்வளவு ஏற்றுவார்கள்?
5. பாதி மாதத்தில் அழைத்து வந்தாலோ, பெரியவர் காலமானாலோ மீதிப் பணமும் முன்பணமும் எத்தனை நாளில் திரும்பும்?

பதிலை எழுத்தில் வாங்குங்கள். பணம் கட்டினால் ரசீது வாங்குங்கள். சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் போய்ப் பாருங்கள். பெரியவர்கள் நகம் வெட்டியிருக்கிறதா, படுக்கை நனைந்து கிடக்கிறதா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

எந்தெந்த உதவி கிடைக்கும்?

முதியோர் ஓய்வூதியம்: 60 வயது முடிந்த, ஆதரவற்ற ஏழைப் பெரியவர்களுக்கு உரியது. தமிழ்நாட்டில் 1,000 ரூபாயாக இருந்ததை 2023 ஆகஸ்டில் 1,200 ஆக உயர்த்தினார்கள். இப்போதைய தொகையைத் தாலுகா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒன்றை ஞாபகம் வையுங்கள். அம்பத்தூர் தாலுகா 2018ல் சென்னை மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது. ஆவடி, பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டம். தப்பான கலெக்டர் ஆபீஸில் வரிசையில் நிற்காதீர்கள்.

வேலை பார்த்த கம்பெனி வழி: அம்பத்தூர் எஸ்டேட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் கட்டி, குறைந்தது ஐந்து வருடம் வேலை பார்த்து, வயது முதிர்வில் ஓய்வு பெற்றவருக்கும் அவர் துணைக்கும், வருடம் 120 ரூபாய் கட்டினால் இ.எஸ்.ஐ. வைத்தியம் தொடரும் என்று விதி இருக்கிறது. பி.எப். ஓய்வூதியம் 2014 முதல் குறைந்தது 1,000 ரூபாய். கணவர் இறந்தால் மனைவிக்கும் ஓய்வூதியம் உண்டு. ஆவடியில் மத்திய அரசுத் தொழிற்சாலை ஓய்வூதியமோ குடும்ப ஓய்வூதியமோ வாங்குகிறவர்களுக்கு 80 வயதில் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும், 85ல் 30 சதவீதம். பிறந்த தேதி பதிவில் சரியாக இல்லாததால் இதை இழக்கிறவர்கள் உண்டு. ஓய்வூதியப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள்.

காப்பீட்டு அட்டை: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். இது ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான். முதியோர் இல்லக் கட்டணத்துக்குச் செல்லாது. 'அட்டை இருந்தால் போதும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இலவச இல்லம்: ஆதரவற்ற பெரியவர்களுக்காக, அரசு மானியத்தோடு தொண்டு நிறுவனங்கள் நடத்தும் இல்லங்கள் உண்டு. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பட்டியல் கேளுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567, கட்டணம் இல்லை.

இல்லம்தான் ஒரே வழியா?

அது இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வந்தது. பிசியோதெரபியும் படுக்கை நோயாளிக்கான பராமரிப்பும் வீட்டிலேயே கொடுத்தார்கள். அதில் வேலை செய்த பெண் தன்னார்வலர்கள் நம்மைப் போலவே குழுக்களில் இருந்து போனவர்கள்தான். உங்கள் தெருவுக்கு யார் வருகிறார் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 2024 பிப்ரவரியில் முதியோருக்கென்றே அரசு மருத்துவமனை திறக்கப்பட்டது. நல்ல வைத்தியம் பார்த்து எழுந்து நடக்க வைத்துவிட்டால், இல்லச் செலவே தேவைப்படாமல் போகலாம்.

பிள்ளைகள் கைவிட்டால் சட்டம் உண்டு

2007ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, தன் வருமானத்தில் வாழ முடியாத பெற்றோர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். மகன் மட்டுமில்லை, மகளும், வயது வந்த பேரன் பேத்தியும் பொறுப்பு. மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்க உத்தரவிடலாம். வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எழுத முடியாதவருக்காக, அவர் ஒப்புதலோடு வேறொருவர் மனு கொடுக்கலாம். இதில் நம் கூட்டமைப்பு துணை நிற்க முடியும்.

வீட்டைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. 'கடைசி வரை என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பிறகு கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க இந்தச் சட்டத்தின் 23வது பிரிவில் வழி இருக்கிறது. நிபந்தனை இல்லாத பத்திரம் என்றால் வழக்கு கடினமாகிவிடும்.

சென்னையில் 1978ல் மண்டே சாரிட்டி கிளப் என்ற பெண்கள் அமைப்பு, ஆதரவற்ற மூதாட்டிகளுக்காக விஸ்ராந்தி இல்லத்தைத் தொடங்கியது. அவர்களும் பெண்களாகக் கூடிப் பேசித்தான் ஆரம்பித்தார்கள். நாம் இல்லம் கட்ட வேண்டாம். ஒருத்தி வீட்டுப் பெரியவருக்காக இரண்டு பேர் கூடப் போய் இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்தாலே பெரிய உதவி.

இந்த மாதக் கூட்டத்தில் பேச

* நம் குழுவில் யார் வீட்டில் 60 வயது தாண்டியவர் இருக்கிறார்? அவருக்கு ஓய்வூதியம் வருகிறதா? வராவிட்டால் காரணம் என்ன?
* முன்பணத்துக்குக் கடன் கேட்கும் உறுப்பினரிடம், இரண்டு இல்லங்களின் ஒரு வருடக் கணக்கை எழுதிக் கேட்கலாமா?
* பெரியவரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட உறுப்பினருக்குத் தவணையில் அவகாசம் கொடுக்கலாமா?

பேசி முடித்ததைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். முடிவு எடுப்பதற்கு முன்னால், பெரியவங்க மனசில் என்ன இருக்கிறது என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.