பொங்கலுக்குள் பலகையை மாற்ற அவசரப்படாதீர்கள்

வடகிழக்குப் பருவமழை ஓயும் இந்த மார்கழிக் கடைசியில், சென்னையில் லேமினேட் தரை போட்ட பல வீடுகளில் ஒரே புகார்தான். பால்கனிக் கதவோரம் பலகை விளிம்புகள் உப்பிவிட்டன. நடந்தால் சத்தம் வருகிறது. போகிக்குள் மாற்றியாக வேண்டும் என்கிறார்கள். போகிக்குள் மாற்றாதீர்கள். அடியில் இருக்கும் கான்கிரீட் இன்னும் ஈரமாகத்தான் இருக்கும். அதன்மேல் புதுப் பலகை போட்டால் அதுவும் உப்பும். மழையில்லாத தை, மாசிதான் இந்த வேலைக்கு ஏற்ற காலம்.

ஆனால் சில காரியங்களை இன்றே தொடங்க வேண்டும். பொங்கலுக்கு வாளித் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவும்போது லேமினேட் போட்ட அறையை விட்டுவிடுங்கள். அங்கே நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். அந்தப் பலகை, மரநாரைப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்தது. மேலே தெரியும் மரவரி, காகிதத்தில் அச்சிட்ட படம். அதைக் காப்பது மெல்லிய ஒரு படலம். மேலே சிந்திய நீரை உடனே துடைத்துவிடலாம். இணைப்பு வழியாக உள்ளே இறங்கிய நீரை நார் உறிஞ்சிக்கொள்ளும். உப்பிய விளிம்பு காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. இழைத்துச் சமமாக்கலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள், படம் போய்விடும்.

அடுத்து, தண்ணீர் வந்த வழியைத் தேடுங்கள். செலவு வீணாவதும் மிச்சமாவதும் இதில்தான் இருக்கிறது. பால்கனி நகர்கதவின் தண்டவாளத்தில் நீர் வெளியேறும் துளைகள் தூசியால் அடைத்திருக்கலாம். ஜன்னலின் சிலிக்கான் பூச்சு விட்டிருக்கலாம். ஏசியின் நீர்க்குழாய் சுவருக்குள் கசியலாம். குளியலறைச் சுவருக்கு மறுபக்கம் உப்பியிருந்தால், குற்றம் மழையுடையது அல்ல. விளிம்புகள் உப்பாமல் தரை மட்டும் நடுவில் கூடாரமாக எழும்பியிருந்தால் பலகை நல்ல நிலையில்தான் இருக்கிறது. ஈரக்காற்றில் விரிய இடமின்றிச் சுவரில் முட்டுகிறது. ஸ்கர்டிங்கைக் கழற்றி, சுவரோரம் 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை இடைவெளி விட்டு வெட்டினால் பெரும்பாலும் படிந்துவிடும்.

உப்பிய இடத்தில், பக்கத்துச் சுவரிலிருந்து வரிசை வரிசையாகக் கழற்றுங்கள். நல்ல பலகைகளின் பின்னால் பென்சிலால் எண் போட்டு வையுங்கள். பலகைக்கு அடியில் விரித்திருக்கும் ஃபோம் நனைந்திருந்தால் தூக்கி எறியுங்கள். கரையான் தடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மின்விசிறியை ஓடவிடுங்கள். சில நாள் கழித்து, இரண்டடிச் சதுர பாலித்தீன் தாளை வெறும் கான்கிரீட்டின் மேல் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒருநாள் கழித்து அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ இன்னும் பொறுங்கள்.

கடைக்குப் போகும்போது பழைய பலகைத் துண்டு ஒன்றைக் கையோடு எடுத்துப்போங்கள். நிறம் மட்டும் ஒத்துப்போனால் போதாது. 8 மில்லிமீட்டரா 12-ஆ என்பதும், கிளிக் பூட்டின் வடிவமும் பொருந்த வேண்டும். ஒரு கம்பெனியின் பூட்டு இன்னொன்றில் பெரும்பாலும் சேராது. வாங்கிய பெட்டிகளை அதே அறையில் 48 மணி நேரம் படுக்க வைத்துவிட்டுப் பிறகு போடுங்கள். ஆணி அடிக்க விடாதீர்கள். இந்தத் தரை விரிந்து சுருங்க வேண்டியது, இறுக்கினால் மீண்டும் எழும்பும்.

சிறு கீறல்களுக்கு நிறம் பொருந்திய மெழுகுக் குச்சி போதும். தரைத்தளத்து வீட்டில் அடியிலிருந்தே ஈரம் ஏறுகிறது என்றால், அந்த அறையில் மறுபடி லேமினேட் போடாமல் டைல்ஸுக்கு மாறுவதே நல்லது. தரை விஷயத்தில் அழகைவிட ஆயுள் முக்கியம் என்று நினைக்கிறேன்.

மாற்றும்போது இரண்டு மூன்று பலகை கூடுதலாக வாங்குங்கள். அடுத்த மழைக்கு அதே நிறம் சந்தையில் கிடைக்காமல் போகலாம். அவற்றைச் சுவரில் சாய்த்து வைக்காமல், ஈரம் படாத பரணில் படுக்கையாக வையுங்கள்.