ஆற்று மணலும் அநுமதியும்: அங்கத்தினர் அறிய வேண்டுவன

ஆற்றங்கரையில் வாழும் நெசவாளருக்கும் உழவருக்கும் முதற்பெரும் மூலதனம் தண்ணீரே. நூலுக்குச் சாயமேற்றவும் பாவுக்குக் கஞ்சியிடவும் கிணற்று நீர் வேண்டும். நடவுக்கு வாய்க்கால் நீர் வேண்டும். இவ்விரண்டையும் காத்து நிற்பது ஆற்றின் மணற்படுகை. அதிலிருந்து மணலும் சரளையும் எடுப்பதற்குச் சட்டம் விதித்துள்ள நிபந்தனைகளை நம் அங்கத்தினர் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

படுகையின் பணி

மணல், வெள்ள நீரை உட்கொண்டு, கோடையில் கரையோரக் கிணறுகளுக்குச் சிறிது சிறிதாக வழங்குகிறது. அளவு மீறித் தோண்டினால் ஆற்றின் மட்டம் தாழும். நிலத்தடி நீர் கிணற்றை விட்டு ஆற்றை நோக்கி வடியும். வாய்க்கால் தலைப்போ பழைய உயரத்திலேயே நிற்குமாதலால், ஆற்றில் நீர் ஓடினும் வாய்க்காலில் ஏறாது. கரைக்கு அப்பாலுள்ள வெள்ளச் சமவெளியில் ஆழக் குழி வெட்டினாலும் தீங்குண்டு. பெருவெள்ளத்தில் கரை உடைந்து, ஆறு அக்குழிக்குள் பாயக்கூடும்.

மணலே எடுக்கலாகாது என்று நாம் வாதிக்கவில்லை. நம் சங்கக் கிடங்குகளும் தறிக்கூடங்களும் மணலின்றி எழுந்தனவல்ல. எவ்விடத்தில், எவ்வளவு ஆழத்தில், எத்தனை காலம் எடுப்பது என்பதே கேள்வி.

சட்டத்தின் நிலை

மணலும் சரளையும் சிறு கனிமங்கள். 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டம் அவற்றிற்கு விதி செய்யும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு அளித்தது. அதன்படி தமிழ்நாட்டின் சிறு கனிமச் சலுகை விதிகள் 1959இல் பிறந்தன. பாலம், குடிநீர்த் திட்டம், நீரேற்று நிலையம் ஆகியவற்றிலிருந்து 500 மீட்டருக்குள் ஆற்று மணல் எடுக்கலாகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று.

2006 செப்டம்பர் 14ஆம் நாளைய மத்திய அரசு அறிவிக்கை, சுரங்கப் பணிக்கு முன்கூட்டியே சுற்றுச்சூழல் அநுமதி பெறவேண்டும் என்றது. எனினும் 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிகள் அதற்குப் புறம்பாக நின்றன. பெரும் பரப்பைச் சிறு துண்டுகளாகக் கூறிட்டு ஏலம் விடவும் இது வழி வைத்தது. 2012 பிப்ரவரி 27ஆம் நாள், தீபக் குமார் எதிர் ஹரியானா அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்வழியை அடைத்து, 5 ஹெக்டேருக்குக் குறைந்த குத்தகைக்கும் அநுமதி தேவை என ஆணையிட்டது.

ஈரநிலங்களுக்கென 2017இல் தனி விதிகள் வந்தன. ஆனால் ஆற்றின் ஓடுபாதை, நெல் வயல், பாசனத்துக்கென அமைத்த ஏரி ஆகியவை அவற்றுள் அடங்கா. ஆதலின் நம் ஆற்றைப் பொறுத்தவரை, சுற்றுச்சூழல் அநுமதி வழங்கப்படும் கட்டத்திலேயே நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

எல்லாக் குவாரிகளுக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடைபெறுவதில்லை. நடைபெறுமிடத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும். ஆய்வறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்கவேண்டும். அதனைக் கலெக்டர் அலுவலகத்தில் பார்வையிடலாம். கூட்டத்திற்குக் கலெக்டரோ அவர் நியமிக்கும் அதிகாரியோ தலைமை வகிப்பார். இத்தனை பேர் வரவேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒருவரே வந்து பேசினும் அது பதிவாகும். நேரில் வர இயலாதார் எழுதியனுப்பலாம். கூட்டமில்லாத சிறு குவாரிகளைக் குறித்து, அநுமதி வழங்கும் மாநில ஆணையத்துக்கே எழுத்து மூலம் முறையிடலாம்.

அநுமதி வழங்கப்பட்ட பின்னும் வழி அடைபடவில்லை. 2010ஆம் ஆண்டின் சட்டப்படி, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணமிருப்பின் மேலும் 60 நாள் வரை தாமதத்தை மன்னிக்க இடமுண்டு. அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் உள்ளது.

இவற்றிற்கெல்லாம் ஆதாரம் தேவை. “கிணறு வற்றிவிட்டது” என்று முறையிடுவோரிடம், “எப்போது, எத்தனை அடி?” என்று கேட்பர். ஆகவே ஒவ்வொரு சங்கமும் ஒரு கிணற்றுப் பதிவேடு வைத்தல் நன்று. ஆற்றோரக் கிணறுகள் நான்கைந்தைத் தேர்ந்து, மாதந்தோறும் ஒரே தேதியில், காலையில் நீர் இறைக்குமுன், கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை கயிறிட்டு அளந்து, தேதியுடன் குறித்து, இருவர் கையொப்பமிடவேண்டும். வாய்க்கால் தலைப்பில் நீர் ஏறிய நாளையும் அவ்வாறே குறிக்கலாம்.

கணக்கில்லாத கடனை வசூலிக்க முடியாதென்பது கூட்டுறவாளர் அறிந்ததே. தண்ணீரும் அத்தகையதே. குவாரி வந்தபின் தொடங்கும் பதிவேடு பாதிக் கதையையே கூறும். வருமுன் தொடங்கியதே முழுச் சாட்சி சொல்லும். செலவு ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு முழக்கயிறும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இதனைத் தீர்மானமாக நிறைவேற்றுமாறு சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.