முதல் செமஸ்டர்: ஒரு கணக்குப் பாடம்



யு.பி.யு. முடிவு வந்த அன்றைக்கு நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அம்மா சித்திக்குப் போன் போடுவாங்க. அப்பா வேலையிடத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கே வருவார். வெள்ளிக்கிழமை கோவிலில் ஓர் அர்ச்சனை. அப்புறம் வாளி, மெத்தை விரிப்பு, மெகி மீ ஒரு பெட்டி எல்லாம் வாங்கி, வாடகை வேனில் குடும்பமே கிளம்பும். பதிவு நாள் படமும் முகநூலில் வந்துவிடும்.

அதற்கு அடுத்த பதினான்கு வாரத்தைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. நம் பிள்ளைகள் நிறைய பேர் தடுமாறுவது அந்தப் பதினான்கு வாரத்தில்தான். அதனால் இந்த மாதப் பாடத்துக்கு அதையே எடுத்துக்கொள்கிறேன். கொஞ்சம் கணக்கு வரும், பயப்படாதீங்க. எஸ்.பி.எம். கணக்கே போதும்.

நான் படிப்பது ஜொகூர், ஸ்கூடாயில் இருக்கும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், நாம் சொல்வதுபோல் யு.தி.எம். இயந்திரப் பொறியியல், மூன்றாம் ஆண்டு. 1904-இல் கோலாலம்பூரில் ஒரு தொழில்நுட்பப் பள்ளியாக ஆரம்பித்தது; 1972-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாகி, 1975-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. ஸ்கூடாய் வளாகம் ஆயிரம் ஹெக்டருக்கு மேல். சின்ன டவுன் மாதிரி என்று சொன்னால் சரியாக இருக்கும். உள்ளேயே காடு, ஏரி, சாப்பாட்டுக் கடைகள், பஸ். மோட்டார் சைக்கிள் இல்லாதவர்கள் பஸ் நேரத்தை மனப்பாடம் செய்துகொள்ளணும்.

இடம் பெரியது என்பதற்கு இன்னோர் அர்த்தமும் இருக்கு. இடைநிலைப்பள்ளியில் நீங்கள் இரண்டு நாள் வரவில்லை என்றால் வகுப்பாசிரியர் வீட்டுக்குப் போன் போடுவார். இங்கே பெரிய மண்டபத்தில் நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருப்பாங்க. வருகைப் பதிவு இருக்கும். விரிவுரையாளர் அறைக் கதவும் திறந்துதான் இருக்கும். ஆனால் உங்கள் முகம் வாடியிருப்பதைப் பார்த்து "என்னப்பா, புரியலையா?" என்று கேட்க ஆள் இல்லை. நாமாகத்தான் போய்ச் சொல்லணும். பெரிய அரசாங்கப் பல்கலைக்கழகம் எது என்றாலும் இப்படித்தான் என்று மற்ற இடங்களில் படிக்கும் நண்பர்களும் சொல்றாங்க.

முதல் கணக்கு, கிரெடிட் என்றால் என்ன என்பது. பலரும் அதை வாரத்துக்கு எத்தனை மணி நேர வகுப்பு என்று நினைக்கிறாங்க. அப்படி இல்லை. மலேசியத் தகுதி முறைப்படி ஒரு கிரெடிட் என்பது மாணவர் கற்பதற்குச் செலவிடும் 40 மணி நேரம். அப்படியானால் 3 கிரெடிட் பாடம் 120 மணி. வாரம் 3 மணி நேர விரிவுரை, 14 வாரம், ஆக 42 மணி. மிச்சம் 78 மணி எங்கே? அது உங்கள் கையில். வீட்டுப்பாடம், பயிற்சிக் கணக்கு, ஆய்வக அறிக்கை, மீள்பார்வை, சோதனை எல்லாம் அதற்குள் அடங்கும். வாரத்துக்குச் சுமார் ஐந்தரை மணி நேரம். ஐந்து பாடம் என்றால் வாரம் 27, 28 மணி.

"கால அட்டவணையில் நிறைய காலி இடம் இருக்கு, பல்கலைக்கழக வாழ்க்கை ரொம்ப ஈசி" என்று முதல் வாரம் தோன்றுவதற்கும், எட்டாவது வாரம் மூச்சு முட்டுவதற்கும் இதுதான் காரணம். அந்தக் காலி இடம் காலி இடம் இல்லை. அந்த 78 மணி அங்கேதான் ஒளிந்துகொண்டிருக்கு.

இரண்டாவது கணக்குக்கு என் அறை நண்பரின் கதையைச் சொல்லணும். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம் என்றார். பேராக் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். தமிழ்ப்பள்ளி, புகுமுக வகுப்பு, இடைநிலைப்பள்ளி, பிறகு எஸ்.டி.பி.எம். அவர் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் ஆள். முதல் செமஸ்டர் முடிவு வந்தபோது அவருடைய பி.என்.ஜி. 1.94. ஸ்டேட்டிக்ஸ் பாடத்தில் தோல்வி. 2.00-க்குக் கீழே போனால் நிபந்தனை நிலை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். யாரிடமும் சொல்லாமல் பையைக் கட்டிவிட்டார். சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலைக்கு மாமா ஒருவர் வழி சொல்லியிருந்தார். ஸ்கூடாயிலிருந்து பார்த்தால் அந்தப் பாலம் பக்கத்தில்தானே. சம்பளம் சிங்கப்பூர் வெள்ளி, அங்கே ஒன்று என்றால் இங்கே மூன்றுக்கு மேல். கடன் வாங்கிப் படித்து 1.94 எடுப்பதற்கு அது மேல் என்று அவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

நான்காம் ஆண்டு அக்கா ஒருவர்தான் விஷயம் தெரிந்து மாமாக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாங்க. நானும் போனேன். அறிவுரை சொல்லுவாங்க என்று பார்த்தால், தே தாரிக் வருவதற்குள் பேனாவை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்துட்டாங்க. அந்தக் கணக்கை அப்படியே தருகிறேன்.

ஒரு பாடத்தின் மதிப்பு, கிரெடிட்டை கிரேடு எண்ணால் பெருக்கினால் வரும். 3 கிரெடிட் பாடத்தில் B என்றால் 3.00, ஆக 9 புள்ளி. C என்றால் 2.00, ஆக 6 புள்ளி. எல்லாப் பாடத்தின் புள்ளியையும் கூட்டி மொத்த கிரெடிட்டால் வகுத்தால் பி.என்.ஜி.கே. நண்பர் எடுத்தது 17 கிரெடிட், 33 புள்ளி. 33-ஐ 17-ஆல் வகுத்தால் 1.94.

பொறியியல் பட்டத்துக்குக் குறைந்தது 135 கிரெடிட். 3.00-இல் முடிக்க வேண்டும் என்றால் மொத்தம் 405 புள்ளி தேவை. கையில் 33 இருக்கு. மிச்சம் 372 புள்ளி. மிச்சம் இருக்கும் கிரெடிட் 118. வகுத்துப் பாருங்க: 3.15.

அக்கா அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாங்க. "தம்பி, உனக்கு இனிமேல் வேண்டியது எல்லாப் பாடத்திலும் B, அங்கங்கே ஒரு B+. இதுக்காகவா பை கட்டினே?"

பிறகு அதே கணக்கை வேறு மாதிரி போட்டுக் காட்டினாங்க. ஒருவர் ஆறு செமஸ்டர் முடித்து 105 கிரெடிட்டில் 2.50 வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்க. 262.5 புள்ளி. 405-க்கு இன்னும் 142.5 வேண்டும், மிச்சம் 30 கிரெடிட்தான். வகுத்தால் 4.75. நான்குக்கு மேல் யாராலும் எடுக்க முடியாது. 2.50 வைத்திருப்பவர் 1.94 வைத்திருப்பவரைவிட நல்ல நிலையில் இருப்பதுபோல் தெரியும். ஆனால் அவருக்குக் கதவு மூடிவிட்டது, இவருக்கு அகலமாகத் திறந்திருக்கு. முதல் செமஸ்டரில் விழுந்தால் எழ நேரம் இருக்கு. ஒவ்வொரு செமஸ்டரும் "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று தள்ளுபவருக்குத்தான் நேரம் இல்லாமல் போகுது.

ஏன் 3.00? பெரிய நிறுவனங்கள், உபகாரச் சம்பளம் கொடுப்பவர்கள் பலரும் விண்ணப்பத்தில் அந்த எண்ணைக் கேட்கிறாங்க. முதல் வகுப்பில் தேறினால் பி.டி.பி.டி.என். கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குப் பெற விண்ணப்பிக்கலாம். அதற்கான நிபந்தனைகள் மாறக்கூடியவை, அவ்வப்போது பார்த்துக்கொள்ளணும். இன்னொன்று: தோல்வியடைந்த பாடத்தைத் திரும்ப எடுத்தால் பழைய கிரேடு என்னாகும் என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். மேலே போட்ட கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. உங்கள் பல்கலைக்கழக விதிப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தை இன்றைக்கே தேடிப் படியுங்க.

சரி, அவர் ஏன் ஸ்டேட்டிக்ஸில் விழுந்தார்? சோம்பேறி இல்லை. இரவு இரண்டு மணி வரைக்கும் விளக்கு எரியும், எனக்குத் தூக்கம் கெட்டதே அதனால்தான். மொழிதான் சிக்கல். ஆறு வருஷம் தமிழில் அறிவியல், பிறகு மலாய், இப்போது ஆங்கிலத்தில் விரிவுரை. கணக்கு அவருக்கு வரும். ஆனால் கேள்வியைப் படித்து, எது கொடுத்திருக்கு, எது கேட்கிறாங்க என்று பிரிப்பதற்குள் நேரம் ஓடிவிடும். சோதனையில் எழுதாமல் விட்டது அதிகம், தப்பாக எழுதியது குறைவு.

அதற்கு நாங்கள் கண்ட வழி, தமிழில் பேசிப் படிப்பது. ஸ்டேட்டிக்ஸில் முதல் பாடமே விசைப்படம் வரைவது. ஒரு பொருளைச் சுற்றியுள்ள எல்லாவற்றிலிருந்தும் தனியாகப் பிரித்து எடுத்து, அதன் மேல் வெளியிலிருந்து படும் விசைகளை மட்டும் அம்புக்குறியாகப் போடணும். இதை ஆங்கிலப் புத்தகத்தில் பத்துத் தடவை படித்தும் பிடிபடாத அவருக்கு, கோவில் ரதத்தை வைத்துப் பேசியபோது பிடிபட்டது.

ரதத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளுங்க. அதைத் தொடுவது யார், யார்? கீழே சாலை: சக்கரத்தை மேலே தாங்கும், உராய்வும் தரும். முன்னால் கயிறு. பூமி அதைக் கீழே இழுக்கும், அது எடை. உள்ளே நிற்கும் ஐயர்? அவரையும் சேர்த்து ஒரே பொருளாக எடுத்தால் அவர் எடை ரதத்தின் எடையோடு சேர்ந்துவிடும். அவர் தூணைப் பிடித்து எவ்வளவு பலமாக அழுத்தினாலும் படத்தில் அதற்கு அம்பு கிடையாது, அது உள்ளுக்குள் நடப்பது. சோதனையில் நிறைய பேர் மதிப்பெண் இழப்பது இந்த ஐயருக்கு அம்பு போட்டுத்தான்!

இப்போது எண். ரதமும் ஐயரும் சேர்ந்து 20,000 நியூட்டன் எடை. கயிறு ரதத்தின் அடியில் கட்டியிருக்கு, இழுப்பவர்கள் கை உயரத்தில் பிடிக்கிறாங்க, அதனால் கயிறு மேல்நோக்கிச் சாயும். 30 பாகை சாய்வு, 1,000 நியூட்டன் இழுவிசை என்று வைப்போம். கிடையாக 1,000 பெருக்கல் கோஸ் 30, அதாவது 866 நியூட்டன். செங்குத்தாக 1,000 பெருக்கல் சைன் 30, 500 நியூட்டன், அது மேல்நோக்கி. அப்படியானால் சாலை தாங்குவது 20,000 இல்லை, 19,500. சாலை தாங்குவது எப்போதும் எடைக்குச் சமம் என்று எழுதிப் பழகியவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுவாங்க. இதைத் தமிழில் பேசி முடித்த பிறகு அதே கேள்வியை ஆங்கிலத்தில் எழுதிப் பார்ப்போம். அந்தக் கடைசிப் படியை விடக்கூடாது. சோதனைத் தாள் தமிழில் வரப்போவதில்லை.

இன்னொரு விஷயம், கொஞ்சம் கசப்பாக இருக்கலாம். நம் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு மட்டுமே சுற்றுவது. தீபாவளிக்கு ஊருக்குப் போக பஸ் டிக்கெட் சேர்ந்து எடுப்பது, பொங்கல் விழாவுக்கு ராத்திரி முழுக்கத் தோரணம் கட்டுவது எல்லாம் வேண்டும், அது இல்லாமல் நான் இங்கே நான்கு மாதம்கூடத் தாங்கியிருக்க மாட்டேன். ஆனால் பாடக்குழு வேறு. சீன நண்பர்களிடம் பழைய ஆண்டுத் தேர்வுத் தாள்கள் விடையோடு கைமாறி வரும். மலாய் நண்பர்களுக்குக் கல்லூரி நடைமுறை, பாரம், எந்த அலுவலகத்தில் எதைக் கேட்கணும் எல்லாம் விரல்நுனியில். நம்மிடமும் கொடுக்க இருக்கு. எங்கள் குழுவில் ரதத்தின் விசைப்படத்தை மலாயில் விளக்கிச் சொன்னது என் அறை நண்பர்தான். இரண்டாவது செமஸ்டரில் அவரைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்தாங்க.

பணத்தைப் பற்றி நீளமாக எழுத விருப்பமில்லை, ஒன்றுதான். கடன் பணம் கணக்கில் ஏறும்வரை முதல் சில வாரங்களுக்குக் கைச்செலவு வேண்டும். அதைக் கிளம்பும் முன்பே வீட்டில் பேசிவிடுங்க. பணம் ஏறியதும் நான்கரை மாதத்துக்குப் பிரித்து வையுங்க. புது போன் வேண்டாம்.

ஆய்வக அறிக்கை, குழுப்பணி, முன்னால் நின்று பேசுவது இதெல்லாம் சும்மா என்று சில சீனியர்கள் சொல்வாங்க. நம்பாதீங்க. மலேசியாவின் பொறியியல் பட்டங்களுக்கு அங்கீகாரம் கொடுக்கும் மன்றம் 2009 முதல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினர். நம் பட்டம் ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் மதிக்கப்படுவதற்கு அது ஒரு காரணம். அந்த அங்கீகாரத்துக்குக் கணக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, குழுவில் வேலை செய்யவும், எழுதிப் புரியவைக்கவும், தொழில் அறம் காக்கவும் தெரிகிறதா என்றும் பார்ப்பாங்க.

இப்போது வீட்டுப்பாடம். இந்த ஆண்டு போகிறவர்கள் முதல் வாரத்தில் மூன்றைச் செய்யுங்க. ஒவ்வொரு பாடத்தின் திட்டத்தாளையும் வாங்கி, சோதனைக்கு எவ்வளவு, இறுதித் தேர்வுக்கு எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டுங்க. எந்தப் பாடத்துக்கு எது முன்தேவை என்று கேட்டுக் கோடு போடுங்க. ஸ்டேட்டிக்ஸ் போனால் அதற்குப் பின்னால் வரும் பாடங்களும் சேர்ந்து தள்ளிப்போகும், சில பாடங்கள் ஆண்டுக்கு ஒரு தடவைதான் நடக்கும். கடைசியாக, பாடத்தை விலக்கிக்கொள்ளும் இறுதித் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையில் குறித்துவையுங்க. முதல் சோதனை முடிவு அந்தத் தேதிக்கு முன்னால் வருகிறதா என்று விரிவுரையாளரிடம் கேளுங்க. வரும் என்றால், உங்கள் எண்ணோடு ஒரு சீனியரைப் பார்த்து, இருவரும் சேர்ந்து கணக்குப் போட்ட பிறகு முடிவெடுங்க.

என் அறை நண்பர் இப்போது பாசிர் கூடாங்கில் தொழிற்பயிற்சியில் இருக்கிறார். போன செமஸ்டர் அவர் பி.என்.ஜி.கே. 2.91. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார், மீதி செமஸ்டர்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.