பிஎச்பி கொண்டு வீடியோ ஸ்ட்ரீமிங் சர்வர்: தொடக்கநிலையினருக்கான முழுமையான வழிகாட்டி

பிஎச்பி தெரிந்தவர்கள் வீடியோ தளம் கட்டும்போது, ஃபைலைத் திறந்து படித்து அனுப்பும் வேலையையும் பெரும்பாலும் பிஎச்பியிடமே கொடுத்துவிடுகிறார்கள். ஃபைலை அனுப்பி முடிக்கும்வரை பிஎச்பி-எஃப்பிஎம்மின் ஒரு வொர்க்கர் வேறு எதற்கும் நகராது. மாதிரி கான்ஃபிக்கில் வொர்க்கர்களின் உச்சவரம்பு 5தான். ஐந்து பேர் ஆளுக்கொரு பெரிய ஃபைலைப் பார்க்கத் தொடங்கினால், ஆறாவது ஆளுக்கு லாகின் பக்கமே திறக்காமல் போகலாம்.

எனவே வேலையைப் பிரித்துவிடுங்கள். வீடியோவை மாற்றுவது எஃப்எஃப்எம்பெக், அனுப்புவது என்ஜின்எக்ஸ், யார் எதைப் பார்க்கலாம் என்று தீர்மானிப்பது மட்டும் பிஎச்பி.

படி 1: தேவையானவை

உபுண்டு ஓடும் ஒரு விபிஎஸ், என்ஜின்எக்ஸ், பிஎச்பி-எஃப்பிஎம், மரியாடிபி, எஃப்எஃப்எம்பெக், கம்போசர். பிறகு கம்போசர் வழியாக பிஎச்பி-எஃப்எஃப்எம்பெக் லைப்ரரியை நிறுவுங்கள். இந்த லைப்ரரி தானாக எதையும் மாற்றாது. சர்வரில் உள்ள எஃப்எஃப்எம்பெக் புரோகிராமை அழைத்து வேலை வாங்கும். வெளிப் புரோகிராம்களை இயக்க விடாத ஷேர்டு ஹோஸ்டிங்கில் இது நடக்காது.

படி 2: அப்லோட்

பிஎச்பி இயல்பாக ஒரு ஃபைலுக்கு 2 எம்பி, மொத்த போஸ்ட்டுக்கு 8 எம்பி அனுமதிக்கிறது. என்ஜின்எக்ஸ் 1 எம்பியிலேயே 413 பிழை காட்டி நிறுத்திவிடும். மூன்று வரம்புகளையும் சேர்த்தே உயர்த்துங்கள். ஜிபி கணக்கில் வரும் ஃபைல்களைத் துண்டு துண்டாக அப்லோட் செய்வதே நல்லது. நெட் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

படி 3: எச்எல்எஸ்ஸாக மாற்றுதல்

அப்லோட் முடிந்ததும் அதே ரிக்வெஸ்டில் மாற்றத் தொடங்காதீர்கள். டேட்டாபேஸில் வேலையைப் பதிந்துவிட்டு, கமாண்ட் லைனில் ஓடும் தனி வொர்க்கரிடம் விடுங்கள். அங்கே பிஎச்பிக்கு நேர வரம்பு கிடையாது.

2009இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்எல்எஸ் முறையில் வீடியோ சிறு துண்டுகளாகப் பிரிகிறது. அவற்றின் வரிசை ஒரு பிளேலிஸ்டில் இருக்கும். எச்.264 வீடியோ, ஏஏசி ஆடியோ, 360பி, 480பி, 720பி என மூன்று தரம் போதும். துண்டுக்கு ஆப்பிள் சொல்வது 6 விநாடி.

கீஃபிரேமைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். துண்டு கீஃபிரேமில்தான் (முழுப் படமாகப் பதியப்படும் ஃபிரேம்) தொடங்க முடியும். எக்ஸ்264 என்கோடரை அதன் போக்கில் விட்டால், இரண்டு கீஃபிரேம்களுக்கு நடுவே 250 ஃபிரேம்வரை போகும். விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவில் அது 10 விநாடி. நீங்கள் 6 என்று கேட்டாலும் துண்டுகள் கோணல்மாணலாக வரும். கீஃபிரேம் இடைவெளியை 50 ஃபிரேம் என்று கட்டாயப்படுத்துங்கள். இரண்டு விநாடிக்கு ஒன்று விழும், மூன்று தரங்களும் ஒரே இடத்தில் வெட்டுப்படும், நெட் வேகம் குறையும்போது படம் தடுமாறாமல் தரம் மாறும்.

படி 4: அனுமதி

துண்டுகளைப் பொது ஃபோல்டருக்கு வெளியே வையுங்கள். என்ஜின்எக்ஸில் அந்த இடத்தை 'இன்டர்னல்' என்று அறிவித்தால் நேரடி முகவரி கொடுத்து யாரும் எடுக்க முடியாது. பிஎச்பி லாகினைச் சரிபார்த்து, 'எக்ஸ்-ஆக்செல்-ரீடைரக்ட்' என்ற ஹெடரில் ஃபைலின் உள்முகவரியைத் தந்துவிட்டு விலகிவிடும். மீதியை என்ஜின்எக்ஸ் பார்த்துக்கொள்ளும். சரிபார்த்த கையோடு செஷனை மூடிவிடுங்கள். இல்லையென்றால் ஒரே பயனரின் ரிக்வெஸ்டுகள் ஒன்றுக்கொன்று காத்துக் கிடக்கும்.

படி 5: பிளேயர்

சஃபாரி எச்எல்எஸ்ஸை நேரடியாக ஓட்டும். ஃபயர்ஃபாக்ஸ் போன்றவற்றுக்கு எச்எல்எஸ்.ஜேஎஸ் சேர்த்தால் போதும்.

படி 6: பேண்ட்வித்

விநாடிக்கு 3 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஒருவருக்கு 1.35 ஜிபி. நூறு பேர் ஒன்றாகப் பார்த்தால் 300 மெகாபிட் வேகம் வேண்டும், மணிக்கு 135 ஜிபி கரையும். உங்கள் விபிஎஸ் திட்டத்தின் மாத வரம்பை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தாங்காது என்றால் துண்டுகளை சிடிஎன்னுக்கு மாற்றலாம். ஆனால் சிடிஎன் சேமித்து வைத்த துண்டுக்கு உங்கள் பிஎச்பியிடம் கேள்வி வராது; அப்போது படி 4க்குப் பதிலாக, குறிப்பிட்ட நேரத்தில் காலாவதியாகும் கையொப்பமிட்ட முகவரிகளை பிஎச்பி உருவாக்கித் தரவேண்டும்.